பிளேட்லெட்டை வைத்து மனச்சிதைவு நோயை ஆராய்வது எப்படி: தொடங்குபவர்களுக்கு

மனநல மருத்துவத்தில் எம்.டி. படிப்பவர்களும் உயிர்வேதியியலில் பிஎச்.டி. தொடங்குபவர்களும் தீசிஸுக்குத் தலைப்புத் தேடி அலையும்போது ஒரு கட்டத்தில் பிளேட்லெட்டுக்கு வந்து நிற்கிறார்கள். காரணம் எளிது. சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறும் மனநிலை, மனச்சிதைவில் வருவது) உள்ள ஒருவரின் மூளையிலிருந்து, அவர் உயிரோடு இருக்கும்போது, ஆராய்ச்சிக்கென்று துளி திசுகூட எடுக்க முடியாது. கையிலிருந்து 10 மி.லி. ரத்தம் எடுத்துவிடலாம், அதில் இருநூறு கோடிக்கு மேல் பிளேட்லெட் இருக்கும், நரம்பணுவில் வேலை செய்யும் சில புரதங்கள் அதிலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இந்தத் துறையில் ஐம்பது ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் குவிந்து கிடப்பதற்கும் இதே எளிமைதான் காரணம். ரத்தம் எடுப்பது சுலபம், ஒழுங்காக எடுப்பது கடினம், சரியான கேள்வியைக் கேட்பது அதைவிடக் கடினம். அதனால் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

இயந்திரத்தைக் கேளுங்கள், கையிருப்பைக் கேட்காதீர்கள்

பிளேட்லெட் என்பது எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மெகாகாரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து பிய்ந்து வரும் துணுக்கு. 2 முதல் 3 மைக்ரான் அகலம், உட்கரு கிடையாது, ரத்தத்தில் 7 முதல் 10 நாள் ஓடிவிட்டு மண்ணீரலிலும் கல்லீரலிலும் முடிந்துபோகும். இதற்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்றால், நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் செரோட்டோனின் என்ற பொருள்.

பிளேட்லெட்டின் மேல்சவ்வில் செரோட்டோனினை உள்ளே இழுக்கும் டிரான்ஸ்போர்ட்டர் இருக்கிறது. மூளையின் செரோட்டோனின் நரம்பணுக்களில் இருக்கும் அதே டிரான்ஸ்போர்ட்டர்தான், ஒரே ஜீனிலிருந்து வருவது. உள்ளே இழுத்ததைச் சிறு பைகளுக்குள் அடைக்கும் வேலையை இரண்டிலும் விமாட்-2 என்ற புரதம் செய்கிறது. செரோட்டோனின் வந்து ஒட்டிச் செய்தி சொல்லும் 5-எச்.டி.2ஏ ரிசெப்டர் இரண்டிலும் உண்டு. க்ளோஸபின், ரிஸ்பெரிடோன் போன்ற சைக்கோசிஸ் மருந்துகள் போய் அடைப்பவற்றில் இந்த ரிசெப்டரும் ஒன்று. செரோட்டோனின், டோபமின் போன்ற மோனோஅமீன்களைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ. நொதியின் பி வகை மட்டும் பிளேட்லெட்டில் இருக்கிறது, ஏ வகை இல்லை. இது ஒரு வசதி, ஏனென்றால் இரண்டையும் பிரித்து அளக்கும் தொல்லை கிடையாது. கால்சியம் வழியாகச் செய்தி கடத்துவது, பைகளிலிருந்து சரக்கை வெளியே கொட்டுவது, மைட்டோகாண்ட்ரியா இவையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஸ்விட்சர்லாந்தின் பேசலில் இருந்த ஆல்ஃப்ரெட் பிளெட்ஷர் போன்ற மருந்தியலாளர்கள் இதை நரம்பணுவுக்கு மாதிரியாக முன்வைத்ததில் நியாயம் இருப்பது புரியும்.

இனி இல்லாதவை. பிளேட்லெட் செரோட்டோனினைத் தயாரிப்பதில்லை. உடலின் செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில் தயாராகிறது, அங்கே அதைச் செய்யும் நொதி டி.பி.எச்.-1, மூளையில் செய்வது டி.பி.எச்.-2, வேறொரு ஜீன். குடலிலிருந்து வந்ததைப் பிளேட்லெட் வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி இந்தச் செரோட்டோனின் உள்ளே போவதும் இல்லை. ஆகவே 'நோயாளியின் பிளேட்லெட்டில் செரோட்டோனின் அதிகம், எனவே மூளையிலும் அதிகம்' என்ற வாக்கியம் உங்கள் தீசிஸில் எங்கேயும் வரக்கூடாது. எத்தனையோ கட்டுரைகளில் இது மறைமுகமாக வந்துவிடுகிறது, படிக்கும்போதே வருத்தமாக இருக்கும்.

கேட்க வேண்டியது இப்படி: டிரான்ஸ்போர்ட்டர் எவ்வளவு வேகமாக இழுக்கிறது? ரிசெப்டரைத் தூண்டினால் எவ்வளவு கால்சியம் ஏறுகிறது? பைகள் சரியாக உருவாகியிருக்கின்றனவா? இவை புரதத்தைப் பற்றிய கேள்விகள், அந்தப் புரதம் மூளையிலும் இருக்கிறது, அதனால் பதிலுக்கு மூளை விஷயத்தில் ஓரளவு பொருள் உண்டு. பிளேட்லெட்டில் எவ்வளவு செரோட்டோனின் இருக்கிறது என்ற அளவையும் எடுக்கலாம், தவறில்லை, ஆனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு தீசிஸ் எழுதாதீர்கள்.

புகை கற்றுக்கொடுத்த பாடம்

ஆய்வில் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் முன் எம்.ஏ.ஓ.-வின் கதையை ஒருமுறை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும், என் கருத்தில் இந்தத் துறைக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் முதல் பாடம் இதுதான்.

1972இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த டென்னிஸ் மர்ஃபியும் ரிச்சர்ட் வயாட்டும் மனச்சிதைவு நோயாளிகளின் பிளேட்லெட்டில் எம்.ஏ.ஓ. செயல்பாடு குறைவாக இருப்பதாக நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களில் ஒருவருக்கு நோய் இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகளை எடுத்துப் பார்த்தார்கள். இருவருக்குமே அளவு குறைவு. அப்படியென்றால் இது நோயால் வந்ததல்ல, நோய்க்கு முன்பே இருக்கும் பரம்பரை அடையாளமாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு வந்தது. எவ்வளவு கவர்ச்சியான எண்ணம் பாருங்கள், கையில் ரத்தம் எடுத்து ஆபத்தைக் கணிக்கலாம். உலகெங்கும் ஆய்வகங்கள் இதைத் திரும்பச் செய்தன. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை.

பிறகு மெதுவாக ஒன்று தெரிய வந்தது: சிகரெட் பிடிப்பவர்களின் பிளேட்லெட்டில் எம்.ஏ.ஓ.-பி குறைவு. புகையில் இருக்கும் ஹார்மான், நார்ஹார்மான் போன்ற பொருட்கள் இந்த நொதியைத் தடுக்கின்றன. 1996இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜோவானா ஃபௌலர் குழுவினர் பெட் ஸ்கேன் எடுத்து, புகைப்பவர்களின் மூளையிலேயே எம்.ஏ.ஓ.-பி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். புகைப்பதை விட்டவர்களுக்கு அது திரும்பியிருந்தது. மனச்சிதைவு நோயாளிகள் மற்றவர்களைவிட மிக அதிகமாகப் புகைப்பவர்கள் என்பது ஊரறிந்த விஷயம். சைக்கோசிஸ் மருந்துகளும் இந்த அளவைக் குறைப்பதாக ஆய்வுகள் வந்தன. நோயின் அடையாளம் என்று இருபது ஆண்டுக்கு மேல் துரத்திய வித்தியாசத்தில் கணிசமான பங்கு புகையும் மருந்தும் விட்டுச் சென்ற தடம்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. புகை பிளேட்லெட்டில் செய்ததையே மூளையிலும் செய்திருக்கிறது. இந்த ஒரு நொதியைப் பொறுத்தவரை பிளேட்லெட் மூளையைப் பற்றி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. மாதிரி சரியாக வேலை செய்தது. கேள்வி கேட்டவர்கள் கேட்க மறந்தது 'பீடி, சிகரெட் உண்டா?' என்ற எளிய கேள்வியை.

யாரைச் சேர்ப்பது

முதன்முறை சைக்கோசிஸ் வந்து, இன்னும் மருந்தே தொடங்காதவர்கள் கிடைத்தால் அதுதான் சிறந்தது. நம் ஊரில் நோய் முற்றிய பிறகும் சிகிச்சையே பெறாமல் இருப்பவர்கள் இருந்திருக்கிறார்கள். மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் அப்படிப்பட்டவர்களைப் பற்றி 1990களில் செய்த ஆய்வுகள் உலக அளவில் பேசப்பட்டவை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் சாம்பிளுக்காக ஒருவருக்கு முதல் டோஸ் தள்ளிப்போகக் கூடாது, ஏற்கெனவே சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்லவும் கூடாது. எமர்ஜென்சியில் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போடும்போதே ஒரு டியூப் கூடுதலாக எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள்.

மருந்து சாப்பிடுபவர்களைச் சேர்ப்பதானால் என்ன மருந்து, எவ்வளவு நாளாக, கடைசி டோஸ் எப்போது என்று எல்லாவற்றையும் குறியுங்கள். எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மன அழுத்த மருந்துகள் டிரான்ஸ்போர்ட்டரையே அடைப்பவை, சில வாரங்களில் பிளேட்லெட்டின் செரோட்டோனின் பெருமளவு வடிந்துவிடும். ஃப்ளூஆக்ஸெடின் என்றால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடலில் தங்கும். வால்ப்ரோயேட் பிளேட்லெட்டின் எண்ணிக்கையையும் குறைக்கும், செயலையும் மந்தமாக்கும். ஆஸ்பிரின் ஒரு மாத்திரை போட்டால் போதும், அந்தப் பிளேட்லெட் சாகும்வரை, ஒன்று சேர உதவும் அதன் காக்ஸ்-1 நொதி திரும்பாது, அதனால் பத்து நாள் இடைவெளி வேண்டும். தலைவலிக்குப் போட்டதை யாரும் மருந்து என்று நினைத்துச் சொல்ல மாட்டார்கள், 'தலைவலி, மூட்டுவலி, காய்ச்சலுக்கு ஏதாவது போட்டீர்களா?' என்று தனித்தனியாகக் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் சாம்பிளோடு அராக்கிடோனிக் அமிலம் சேர்த்துப் பாருங்கள், பிளேட்லெட்டுகள் ஒன்று சேரவே இல்லையென்றால் ஆஸ்பிரின் மாதிரி ஏதோ உள்ளே போயிருக்கிறது. மாதம் ஒருமுறை போடும் டிப்போ ஊசி எடுத்தவர்களை 'இப்போது மாத்திரை சாப்பிடுவதில்லை' என்பதற்காக மருந்தில்லாதவர் பட்டியலில் போட்டுவிடாதீர்கள், அந்த மருந்து மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும்.

புகையிலை பற்றி எங்கள் பக்கத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே புகைப்பவரும் உண்டு, மெல்லுபவரும் உண்டு, இரண்டும் செய்பவரும் உண்டு. சிறுநீரில் கோட்டினின் (நிக்கோட்டின் உடலில் மாறி வரும் பொருள்) பார்த்தால் நிக்கோட்டின் உள்ளே போனது தெரியும், எந்த வழியில் போனது என்று தெரியாது. எம்.ஏ.ஓ.-வைத் தடுப்பதாக நன்றாக நிறுவப்பட்டிருப்பது புகை. ஆகவே மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் சிறு கருவி ஒன்று இருந்தால் நல்லது, ஊதச் சொன்னால் சில நொடியில் எண் வந்துவிடும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஆஸ்பத்திரி ஊழியர்களையும் கல்லூரி மாணவர்களையும் பிடித்துப் போடும் பழக்கம் விட வேண்டிய பழக்கம். வயது, பாலினம், புகை, உணவு எல்லாவற்றிலும் அவர்கள் வேறு. நோயாளியோடு துணைக்கு வரும் அண்ணன், தங்கை பல விதத்தில் மேல்: ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே ஊர், மருந்து இல்லை. அவர்களிடமும் அதே மாற்றம் தெரிந்தால் மருந்துதான் காரணம் என்ற வாதம் அடிபடும். கூடவே பைபோலார், மன அழுத்தம் உள்ளவர்களையும் ஒரு குழுவாக வையுங்கள், ஏனென்றால் பிளேட்லெட் செரோட்டோனின் மாற்றம் எந்த ஒரு நோய்க்கும் சொந்தமில்லை. 1961லேயே ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளின் ரத்தத்தில் இது அதிகமாக இருப்பதை ஷெய்னும் ஃப்ரீட்மனும் எழுதிவிட்டார்கள். பிளேட்லெட் அளவுகள் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியவை, அதனால் நோயாளிகளை ஜூனிலும் மற்றவர்களை டிசம்பரிலும் எடுக்காதீர்கள். ஒரே நாளில் இரு பக்கத்தவரையும் கலந்து எடுப்பதே நல்லது. அண்மையில் டெங்கு வந்து தேறியவர்களைச் சில வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது

பிளேட்லெட்டின் பிறவி வேலை, தொந்தரவு ஏற்பட்டால் உடனே விழித்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் கொட்டுவது. ஊசி குத்துவதே தொந்தரவு. நீங்கள் அளக்கப்போவது நோயாளியின் பிளேட்லெட்டையா, உங்கள் ஊசி எழுப்பிவிட்ட பிளேட்லெட்டையா என்பது இந்தச் சில நிமிடங்களில் முடிவாகிறது.

காலையில், வெறும் வயிற்றில், வந்தவரை இருபது நிமிடம் உட்கார வைத்த பிறகு எடுங்கள். 21 கேஜ் ஊசி, அதைவிட மெல்லியது வேண்டாம். கையில் கட்டும் பட்டையை ரத்தக்குழாய் தெரிந்ததும் தளர்த்திவிடுங்கள். முதல் 2–3 மி.லி.-யைத் தனி டியூபில் விட்டு ஒதுக்குங்கள், ஊசி நுழைந்த இடத்தில் திசுக் காயத்தால் விழித்த பிளேட்லெட் அதில் போய்விடும். பிறகு நீல மூடி டியூப், 3.2 சதவீத சோடியம் சிட்ரேட், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட், அதனால் கோடு வரைக்கும் நிரம்ப வேண்டும். நான்கைந்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், குலுக்கக் கூடாது. சிரமப்பட்டு, இரண்டு மூன்று இடம் குத்தி எடுத்த சாம்பிளை ஆய்விலிருந்து நீக்கிவிடுங்கள், மனசு வராது, ஆனாலும் நீக்குங்கள். பயந்தோ பதற்றமாகவோ இருப்பவரைக் கட்டாயப்படுத்தி எடுக்கவே கூடாது, அது முதலில் மனிதாபிமானம், அப்புறம்தான் ஆராய்ச்சி.

வழக்கமான இ.டி.டி.ஏ. டியூபில் எடுக்கலாமா என்று கேட்பார்கள். எம்.ஏ.ஓ. அளவுக்கும் மொத்தச் செரோட்டோனினுக்கும் பலர் அப்படி எடுத்திருக்கிறார்கள். பிளேட்லெட் ஒன்று சேர்வதையோ கால்சியத்தையோ பார்க்கப்போகிறீர்கள் என்றால் கூடாது, அது கால்சியத்தை முழுக்கப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது சூடு. ரத்தம் என்றாலே ஐஸ் பெட்டி என்று கை போகும். பிளேட்லெட்டுக்குக் குளிர் ஆகாது, தட்டு வடிவம் குலைந்து முள்முள்ளாக நீட்டிக்கொள்ளும். 20 முதல் 24 டிகிரி, அறை வெப்பநிலை என்று புத்தகத்தில் போட்டிருப்பது ஏசி அறையைச் சொல்வது. சித்திரை வெயிலில் வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு டூவீலரில் கொண்டுபோனால் 40 டிகிரியைத் தொட்டுவிடும். தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஐஸ் இல்லாமல் அறைச் சூட்டில் வைத்திருந்த ஜெல் பொட்டலம், ஒரு தெர்மாமீட்டர், டியூப் செங்குத்தாக நிற்க ஒரு ஸ்டாண்ட். முடிந்தால் கையிலேயே எடுத்துக்கொண்டு நடந்து போங்கள். காற்றழுத்தக் குழாயில் சாம்பிள் அனுப்பும் வசதி உங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் இதற்கு மட்டும் அதைத் தொடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜ், நான்கு மணி நேரத்துக்குள் செயல் சோதனைகள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

பிரித்தெடுப்பது

200 ஜி, 10 நிமிடம், பிரேக் இல்லாமல். இங்கே ஜி (புவியீர்ப்பின் இத்தனை மடங்கு விசை) என்பதை ஆர்.பி.எம்.-ஆக (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மாற்றாமல் சீனியர் எழுதி வைத்த எண்ணை அப்படியே போடுகிறவர்கள் நிறைய. ரோட்டரின் ஆரம் சென்டிமீட்டரில், அதோடு ஆர்.பி.எம்.-இன் வர்க்கம், அதோடு 0.00001118, மூன்றையும் பெருக்கினால் ஜி. ஆரம் 15 செ.மீ. என்றால் 200 ஜிக்கு ஏறக்குறைய 1,090 ஆர்.பி.எம்.; 10 செ.மீ. என்றால் 1,340. மெஷின் மாறினால் எண்ணும் மாறும். கட்டுரையில் எழுதும்போதும் ஜியில் எழுதுங்கள், அப்போதுதான் வேறு ஊரில் இருப்பவர் அதைத் திரும்பச் செய்ய முடியும்.

நின்றதும் டியூபில் கீழே சிவப்பு, நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம், மேலே கலங்கிய வைக்கோல் நிறம். மேலே இருப்பதுதான் பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா, நாங்கள் பி.ஆர்.பி. என்போம். அகல வாய் உள்ள பிளாஸ்டிக் பிப்பெட்டால் மேல் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மெதுவாக எடுங்கள், ஆசைப்பட்டு அடிவரை போனால் வெள்ளணுக்கள் கூடவே வரும், ஒரு வெள்ளணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஆர்.என்.ஏ.-வும் பிளேட்லெட்டோடு ஒப்பிட மிக அதிகம். கண்ணாடி டியூப் வேண்டாம், பிளேட்லெட் அதில் ஒட்டிக்கொண்டு விழித்துவிடும்.

இப்போது டியூபை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். நல்ல பி.ஆர்.பி. என்றால் உள்ளே பட்டுப்புடவை மடிப்பில் வெளிச்சம் நகர்வதுபோல ஒரு மினுமினுப்புச் சுழலும். தட்டு வடிவப் பிளேட்லெட்டுகள் ஓட்டத்தில் ஒரே பக்கம் திரும்பும்போது வருவது அது. உருண்டு முள் நீட்டிய பிளேட்லெட்டில் அது வராது, மங்கலாக அப்படியே நிற்கும். எந்தக் கருவியும் இல்லாமல் பத்து நொடியில் செய்யக்கூடிய இந்தச் சோதனையை ஒவ்வொரு சாம்பிளுக்கும் செய்து, சுழல் உண்டா இல்லையா என்று நோட்டில் எழுதுங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு கலந்திருக்கிறது. பால்போல் இருந்தால் அவர் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.

பி.ஆர்.பி.-யை அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். முதல் டியூபில் மிச்சம் இருக்கும் ரத்தத்தை 1,500 முதல் 2,000 ஜி வரை சுற்றினால் பிளேட்லெட் இல்லாத தெளிவான பிளாஸ்மா கிடைக்கும், அதைக் கொட்டிவிடாதீர்கள், ஒப்பீட்டுக்கு வேண்டும்.

எதை அளப்பது

செரோட்டோனின் அளவுக்கு: பி.ஆர்.பி.-யில் பிளேட்லெட்டை எண்ணிய பிறகு கீழே படிய வைத்து, மைனஸ் 80 டிகிரியில் போடுங்கள். அளக்கும் நாளில் பெர்க்ளோரிக் அமிலத்தால் புரதத்தைப் பிரித்து, ஆக்சிஜன் பட்டுச் சிதையாமல் இருக்க அஸ்கார்பிக் அமிலம் கொஞ்சம் சேர்த்து, மின்வேதி டிடெக்டர் உள்ள எச்.பி.எல்.சி.-யில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டலாம். முடிவை நூறு கோடி பிளேட்லெட்டுக்கு இத்தனை நானோகிராம் என்று சொல்லுங்கள். ஒரு மி.லி. ரத்தத்துக்கு இவ்வளவு என்று சொன்னால் பிளேட்லெட் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அதுவே நோயின் மாற்றம்போலத் தெரியும். அப்புறம் மேலே எடுத்து வைத்த தெளிந்த பிளாஸ்மாவிலும் செரோட்டோனின் பாருங்கள். ரத்தத்தின் செரோட்டோனின் கிட்டத்தட்ட முழுவதும் பிளேட்லெட்டுக்குள் இருப்பதால் பிளாஸ்மாவில் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அங்கே அதிகமாக வந்தால் நீங்கள் கையாளும்போதே பிளேட்லெட் உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டது, அந்தச் சாம்பிளை நம்பாதீர்கள்.

டிரான்ஸ்போர்ட்டர் வேகத்துக்கு: 37 டிகிரியில் சூடாக்கி, கதிரியக்கக் குறியிட்ட செரோட்டோனினை 0.1 முதல் 2 மைக்ரோமோலார் வரை பல அளவுகளில் கொடுத்து, ஓரிரு நிமிடத்தில் ஐஸ் குளிர்ந்த உப்புநீரால் நிறுத்தி வடிகட்டுங்கள். நேரம் நீண்டால் நீங்கள் அளப்பது இழுக்கும் வேகமாக இருக்காது, பைகளின் கொள்ளளவாகிவிடும். ஃப்ளூஆக்ஸெடின் சேர்த்த ஒரு டியூப் எப்போதும் பக்கத்தில் ஓட வேண்டும், அதில் ஏறுவது டிரான்ஸ்போர்ட்டர் வழியாக வராதது, அதைக் கழித்துவிட வேண்டும். கணக்கில் இரண்டு எண் வரும்: விமேக்ஸ் என்பது அதிகபட்ச வேகம், கேஎம் என்பது அதில் பாதி வேகம் வரத் தேவையான செரோட்டோனின் அளவு. விமேக்ஸ் குறைந்தால் சவ்வில் டிரான்ஸ்போர்ட்டர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். விமேக்ஸ் அப்படியே இருந்து கேஎம் மட்டும் ஏறினால், புது உயிரியல் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளுவதற்கு முன் அவருடைய மருந்துச் சீட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள், போட்டி போடும் மருந்து ஒன்று ரத்தத்தில் இருந்தால் சரியாக இப்படித்தான் தெரியும்.

5-எச்.டி.2ஏ ரிசெப்டருக்கு கால்சியம் சாயம் ஏற்றி, செரோட்டோனின் கொடுத்து, ஒளி ஏறுவதைப் பார்ப்பதே எனக்குப் பிடித்த வழி. இந்த ரிசெப்டரை அடைக்கும் கெட்டான்செரின் கொடுத்தால் அது நின்றுவிட வேண்டும், நிற்காவிட்டால் நீங்கள் பார்ப்பது வேறு எதையோ. குஸ்டாவ் பார்ன் 1962இல் விவரித்த, ஒளி ஊடுருவலை வைத்துப் பிளேட்லெட் ஒன்று சேர்வதை அளக்கும் முறையும் உண்டு. மனிதப் பிளேட்லெட்டில் செரோட்டோனின் மட்டும் கொடுத்தால் கொஞ்சம் சேர்ந்துவிட்டுப் பிரிந்துவிடும், பிளேட்லெட்டைத் தூண்டும் ஏ.டி.பி.-யைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்து அது எவ்வளவு கூட்டுகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது. க்ளோஸபின் எடுப்பவரிடம் இரண்டும் மந்தமாக இருக்கும், அது மருந்தின் வேலை.

எம்.ஏ.ஓ.-பி அளவு எல்லாவற்றிலும் சுலபம், உறைய வைத்த பிளேட்லெட்டிலும் செய்யலாம், கைனுராமைன் கொடுத்தால் ஒளிரும் பொருளாக மாறும். கதிரியக்க அனுமதி இல்லாத கல்லூரிகளில் பழகுவதற்கு இது நல்ல தொடக்கம். மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் தயாரிப்பில் பங்கேற்கும் காம்ப்ளெக்ஸ்-1 என்ற புரதக் கூட்டம் பற்றி இஸ்ரேலின் ஹைஃபாவில் டோரிட் பென்-ஷஹார் குழுவினர் செய்திருக்கும் வேலையைத் தேடிப் படியுங்கள். மனச்சிதைவு நோயாளிகளின் பிளேட்லெட்டில் அதன் செயல்பாடு நோயின் நிலைக்கு ஏற்ப மாறுவதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இனி நான் மிகவும் எதிர்பார்ப்போடு பார்க்கும் பாதை. செரோட்டோனின், ஏ.டி.பி., கால்சியம் எல்லாம் இருக்கும் அடர்பைகள் ஒரு பிளேட்லெட்டில் சுமார் 3 முதல் 8 வரை இருக்கும். இவை உருவாக பிளாக்-1 என்ற புரதக் கூட்டம் வேண்டும், அதில் ஒன்று டிஸ்பைண்டின். 2002இல் இந்த டிஸ்பைண்டின் ஜீன் மனச்சிதைவு நோயோடு தொடர்புள்ளதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, ஹெர்மான்ஸ்கி-புட்லாக் என்ற ரத்தக்கசிவு நோயின் ஏழாம் வகைக்குக் காரணம் இதே ஜீனில் வரும் பழுது என்று தெரிந்தது. அதே ஜீன் பழுதான 'சாண்டி' எலிகளின் பிளேட்லெட்டில் அடர்பைகள் சரியாக உருவாவதில்லை. நரம்பணுவில் சரக்குப் பைகளைக் கையாளும் புரதமும் பிளேட்லெட்டில் கையாளும் புரதமும் ஒன்று. பின்னால் வந்த பெரிய மரபணு ஆய்வுகள் டிஸ்பைண்டினுக்கு மனச்சிதைவில் பெரிய பங்கு இருப்பதாக உறுதிசெய்யவில்லை, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் பைகளின் உருவாக்கம், பைகள் சவ்வோடு சேர்வது என்ற கேள்வியை உயிருள்ள மனித செல்லில் நேரடியாகக் கேட்க இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வசதி உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால், சாயம் எதுவும் போடாத முழுப் பிளேட்லெட்டை வைத்தே அடர்பைகளை எண்ணலாம், கால்சியத்தால் அவை கருப்புப் புள்ளியாகத் தனித்துத் தெரியும்.

கணக்கும் காகிதமும்

ஒரே ஒருமுறை ரத்தம் எடுத்து நோயாளி–மற்றவர் என்று இரண்டு சராசரியை ஒப்பிடும் ஆய்வு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அதே ஆளிடம் நோய் முற்றியிருக்கும்போது ஒருமுறை, தேறிய பிறகு ஒருமுறை எடுங்கள், இரண்டு முறையும் நோய்க்குறிகளின் கடுமையை அளக்கும் பான்ஸ் அளவுகோலைப் போடுங்கள். 30 கேள்வி கொண்ட அது அலுப்பாக இருக்கும், ஆனால் மாற்றம் நோயோடு போகிறதா, ஆளோடு நிற்கிறதா என்பதை வேறு எப்படியும் பிரிக்க முடியாது. சிறிய எண்ணிக்கையிலும் இதற்கு வலு உண்டு. அளப்பவருக்கு எது யாருடைய டியூப் என்று தெரியக் கூடாது. புகை, மருந்து, பாலினம், வயது, எடுத்த மாதம் எல்லாம் கணக்கில் போகும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள், முடிவு வந்த பிறகு அல்ல. வித்தியாசம் வராவிட்டால் அதையும் வெளியிடுங்கள், எம்.ஏ.ஓ. கதையில் 'கிடைக்கவில்லை' என்று எழுதியவர்களால்தான் புகை பிடிபட்டது.

சம்மதம் வாங்குவது பற்றி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஆராய்ச்சிக்கு நோயாளியின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதோடு வேலை முடியாது. இன்று புரிந்துகொள்ளும் நிலையில் இல்லாதவர் ஒரு வாரத்தில் தெளிவாகலாம், அப்போது வந்து பேசுங்கள். வீட்டாரிடம் பேசும்போது பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: 'இந்த ரத்தத்தில் என்ன வியாதின்னு தெரிஞ்சிடுமா சார்?' தெரியாது என்று அந்த இடத்திலேயே நேராகச் சொல்லுங்கள். இந்த எண்ணை வைத்து மருந்து மாறாது, தம்பிக்கு வருமா என்றும் சொல்ல முடியாது, இது பின்னால் வருபவர்களுக்கான வேலை என்று சொன்னால் பலர் புரிந்துகொண்டே கை நீட்டுவார்கள்.

ஒரு எண் மட்டும் அவர்களுக்கு உடனே பயன்படும், அது பிளேட்லெட் எண்ணிக்கை. மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை முதல் நாலரை லட்சம் என்பது வழக்கமான அளவு. வால்ப்ரோயேட் எடுப்பவரிடம் அது ஒரு லட்சத்துக்கும் கீழே வந்தால், இ.டி.டி.ஏ.-வில் பிளேட்லெட் திரண்டு பொய்யாகக் குறைந்து காட்டுகிறதா என்று சிட்ரேட் டியூபிலும் ஸ்மியரிலும் (கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தப் படலம்) ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அன்றைக்கே சிகிச்சை செய்யும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள், கேஸ் ஷீட்டிலும் எழுதிவிடுங்கள்.